பூம்பாறையிலிருந்து திங்போச்சே வரை: முதல் உயர்மலைப் பயணத்தின் ஆயத்தம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கொடைக்கானல் மேல்மலையில் பிறந்து வளர்ந்த விவசாயி ஒருவரும், மதுரையில் வசிக்கும் அவருடைய அக்காள் கணவரும், ஒரு சித்திரை மாதத்தில் நேபாளத்துக்குச் சென்று எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து திரும்பினார்கள். இருவருக்கும் அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். 3,000 மீட்டருக்கு மேல் கால் வைத்ததும் அதுவே முதல் முறை. அவர்களை அறிந்தவர்கள் யாரைக் கேட்டிருந்தாலும், வழியில் சிரமப்படப் போகிறவர் சமவெளியிலிருந்து போகும் மதுரைக்காரர்தான் என்று தயங்காமல் சொல்லியிருப்பார்கள். ஆனால் 4,410 மீட்டர் உயரத்தில் உள்ள திங்போச்சே கிராமத்தில் உயர நோய்க்கு ஆளாகிக் கீழே அழைத்து வரப்பட்டவர் பூம்பாறை விவசாயி. மதுரைக்காரருக்கு லேசான தலைபாரத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

எங்கள் மலையிலிருந்து இப்போது ஆண்டுதோறும் சிலர் இமயத்துக்குப் புறப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: நாம் மலைக்காரர்கள், நமக்கு உயரம் புதிதல்ல. இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி, எந்த இடத்தில் ஆபத்தாகிறது என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுவதால், இருவரின் ஆயத்தத்திலும் தொடக்கம் முதல் உடனிருந்தவன் என்ற முறையில், அவர்களுடைய இசைவோடும் அவர்கள் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்பேட்டின் துணையோடும், பெயர்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

இருவரின் பின்னணி

விவசாயிக்கு வயது 41. பூம்பாறை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே படிக்கட்டு வயல்களில் மலைப்பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறார். வயலிலிருந்து சாலை வரை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாளுக்குப் பல நடை ஏறி இறங்குவது அவருக்கு அன்றாட வேலை. புகை, மது இரண்டும் இல்லை. மருத்துவப் பரிசோதனையில் எல்லாமே சீராக இருந்தன. ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60ஐத் தொடவில்லை.

அக்காள் கணவருக்கு வயது 53. வங்கியில் வேலை, பகல் முழுவதும் நாற்காலி. மதுரை கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். எடை கொஞ்சம் அதிகம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவருகிறார், அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆண்டு தவறாமல் தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தைக் கூட்டத்தோடு கூட்டமாக, வெயிலுக்கு முன் கிளம்பி, நிழலில் படுத்து, மறுநாள் வீங்கிய காலோடு மீண்டும் எழுந்து நடந்து முடிக்கிறவர். பாதயாத்திரையில் யாரும் யாரையும் முந்துவதில்லை. குழுவில் மெதுவாக நடப்பவரின் நடைதான் குழுவின் நடை. தொடக்கத்தில் இதை நான் அவருடைய கால்களுக்குக் கிடைத்த பயிற்சியாக மட்டுமே கணக்கில் எடுத்தேன். உயரத்தில் அவரைக் காத்தது கால் வலுவைவிட அந்த நடைப் பழக்கம்தான் என்று இப்போது கருதுகிறேன்.

திட்டம்

காத்மாண்டுவிலிருந்து சிறிய விமானத்தில் லுக்லா (2,860 மீ). அங்கிருந்து பாக்டிங் (2,610 மீ), நாம்சே பஜார் (3,440 மீ), தெங்போச்சே (3,860 மீ), திங்போச்சே (4,410 மீ), லோபுச்சே (4,940 மீ), கோரக் ஷெப் (5,160 மீ) என இரவுத் தங்கல்கள் அமைந்து, 5,364 மீட்டர் உயரத்தில் அடிவார முகாமில் முடிகிறது பாதை. பயண ஏற்பாட்டாளர் முதலில் அனுப்பிய அட்டவணையில் நாம்சேயில் மட்டும் இரண்டு இரவுகள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊரிலும் ஒரே இரவு. விலை குறைவு, நாள் குறைவு என்பதால் இத்தகைய அட்டவணைகளையே பலர் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்த அட்டவணையை நாங்கள் ஏற்கவில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது உயர்மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும், கணக்கில் வருவது இரவு தலைசாய்க்கும் உயரம்தான். ஏற்பாட்டாளரின் அட்டவணையில் நாம்சேயை விட்டபின் அடுத்தடுத்த இரவுகளில் 420, 550, 530, 220 மீட்டர் என இடைவெளியே இல்லாமல் உயரம் கூடியது. திங்போச்சேயில் இரண்டாவது இரவைச் சேர்த்ததும், நாம்சேக்கும் லோபுச்சேக்கும் இடையிலான ஏற்றம் சராசரியாக இரவுக்கு 375 மீட்டருக்கு இறங்கியது. ஒரே ஓர் இரவு செய்யும் வேலை இது.

அதோடு இரண்டு உபரி நாட்களையும் கேட்டு வாங்கினோம். லுக்லா விமான நிலையத்தின் ஓடுபாதை 527 மீட்டர் நீளம் மட்டுமே கொண்டது, சரிவானது. மேகம் இறங்கிவிட்டால் விமானம் ஏறாது, இறங்காது. உபரி நாட்களைப் பெரும்பாலோர் இந்த விமானத் தாமதத்துக்காகவே வைத்துக்கொள்கிறார்கள். இவர்களிடம், அந்த நாட்கள் உடம்புக்கும் சேர்த்துத்தான் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லியிருந்தேன்.

கால்களுக்கான பயிற்சி

பழனி மலைத்தொடரில் வாழ்பவருக்கு இந்தப் பகுதியில் பெரிய வசதி உண்டு. வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய நடைபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயர வேறுபாடு கொண்டது. மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு மக்களும் சுமைகளும் ஏறிய வழி அது. வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும்தான் போக வேண்டும். 2018இல் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு இந்த விதிகள் இறுகியிருக்கின்றன, அது நியாயமே. மாசி, பங்குனி மாதங்களில் தீ அபாயம் கருதிக் காட்டுப்பாதைகள் மூடப்படும் என்பதால், சித்திரையில் புறப்படுகிறவர் நீண்ட நடைகளை மார்கழி, தை மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும். மேல்மலையில் உறைபனி விழும் காலமும் அதுதான். விடியற்காலைக் குளிரில் உடுப்புகளைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் வேறில்லை.

வெள்ளகவிப் பாதையில் ஏற்றத்தைவிட இறக்கத்தையே அதிகம் பழகச் சொன்னேன். ஏற்றம் மூச்சு வாங்கினால் நின்றுவிடலாம். மணிக்கணக்கில் நீளும் இறக்கத்தில் முழங்காலும் தொடையின் முன்தசையும் படும் பாட்டை உடற்பயிற்சிக் கூடத்தில் உண்டாக்குவது கடினம். புதிய மலையேற்றக் காலணிகளின் குறைகள் அங்கேதான் வெளிப்பட்டன. வெள்ளகவி ஊருக்குள் காலணி அணியும் வழக்கமில்லை. விருந்தாளிகளும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்படிக் கழற்றியபோது விவசாயியின் இரு குதிகாலிலும் கொப்புளம் எழுந்திருந்தது தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் ரப்பர் செருப்பிலேயே மலை ஏறியவர் அவர். கணுக்காலை மூடிய காலணி அவருக்கு முற்றிலும் புதிது. மதுரைக்காரருக்குக் குதிகால் சுத்தமாக இருந்தது, ஆனால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. இறக்கத்தில் கால் முன்னே சரிந்து காலணியின் மூக்கில் மோதியதன் விளைவு அது. முதலாமவர் மெல்லிய உறைக்கு மேல் கனத்த உறை எனக் காலுறையை இரண்டாக்கி, குதிகால் அசையாதபடி நாடாவை மேல் கொக்கிகளில் இறுக்கிக் கட்டக் கற்றார். இரண்டாமவர் காலணியை அரை அளவு பெரிதாக மாற்றி வாங்கி, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டார். நேபாளத்தில் இருவருக்கும் காலில் ஒரு சிறு புண்கூட வரவில்லை.

மதுரையில் இருக்கும்போது அக்காள் கணவர் அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்ச்சோலை வழியாக நூபுர கங்கை வரை மலைச் சாலையில் எட்டுக் கிலோ பையோடு ஏறி இறங்கினார். பழனிக்குப் போன அந்தத் தையில் 693 படிகளையும் நிற்காமல், ஆனால் மூச்சு வாங்காத வேகத்தில் ஏறிப் பார்த்தார். வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சுவிட முடிகிற வேகமே உங்கள் வேகம் என்று இருவருக்கும் சொல்லப்பட்டிருந்தது. விவசாயிக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பயிற்சி நடைகளில் எல்லோருக்கும் முன்னால் போய், பாறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்காகக் காத்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு அது வலிமையாகத் தெரிந்தது.

கால் பழகுவது வேறு, உடல் உயரத்துக்குப் பழகுவது வேறு. கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய வானாய்வகம் நிற்கும் குன்றே 2,343 மீட்டர்தான். நாம்சேயில் முதல் இரவு படுக்கும் கட்டில் அதைவிட ஏறத்தாழ 1,100 மீட்டர் மேலே இருக்கிறது. உயர நோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவது 2,500 மீட்டருக்கு மேல். எங்கள் மலையில் மக்கள் வசிக்கும் ஊர்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. அடிவார முகாமில் பாதிக்குச் சற்றே அதிகம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான். அழுத்தம் குறையக் குறைய, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது.

மருந்து, காப்பீடு, தாள்கள்

உயரத்துக்கு உடல் தரும் முதல் பதில், மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் இழுப்பது. அப்படி இழுக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. அது மூச்சை வேகப்படுத்தாதே என்று மூளைக்குத் தடை போடுகிறது. சிறுநீரகம் சில நாட்களில் அந்தக் காரத்தை வெளியேற்றிய பிறகே தடை விலகுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை சிறுநீரகத்தின் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. நோயின் அறிகுறிகளை மூடிமறைக்கும் மருந்து அல்ல அது. சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே தீர வேண்டும். தடுப்புக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு காலையும் மாலையும் 125 மில்லிகிராம்.

மதுரைக்காரர் தம் மருத்துவரைக் கலந்து, இரத்த அழுத்த மாத்திரையோடு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு உறுதிசெய்து, வீட்டிலேயே இரண்டு நாள் சோதித்தும் பார்த்தார். விரல் நுனிகள் மதமதத்தன; அடிக்கடி சிறுநீர் போயிற்று; கடையில் வாங்கிக் குடித்த பன்னீர் சோடா சப்பென்று இருந்தது. மூன்றும் இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். ஊரிலேயே தெரிந்துகொண்டதால், மலையில் அவை வந்தபோது அவர் பயப்படவில்லை. விவசாயி மாத்திரை வேண்டாமென்றார். "எனக்கு எதுக்கு மாமா மாத்திர? நான் பொறந்ததே மேகத்துக்குள்ளதான்" என்று அவர் சொன்னதைக் குடும்பமே ரசித்தது. தடுப்பு மருந்து கட்டாயமல்ல என்பதால் நான் வற்புறுத்தவில்லை; பையில் இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

காப்பீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே: ஹெலிகாப்டர் மீட்பு உட்பட, எத்தனை மீட்டர் உயரம் வரை அது செல்லும் என்பது. சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உயர்மலை நடை விலக்கப்பட்டிருக்கும். 6,000 மீட்டர் வரை செல்லும் என்று எழுத்தில் உள்ள காப்பீட்டையே இவர்கள் வாங்கினார்கள். இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. விமானத்தில் போகும்போது பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் போதும் என்று எண்ணிக் கிளம்பிவிடக் கூடாது. சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கும் உள்ளூர் ஊராட்சிக்கும் தனித்தனி அனுமதிக் கட்டணங்கள் உண்டு. நாம்சேக்கு மேலே கைரொக்கம்தான் கைகொடுக்கும்.

நிகழ்ந்தது

லுக்லாவிலிருந்து நாம்சே வரை இருவரும் நன்றாகவே நடந்தார்கள். நாம்சேயின் ஓய்வுநாளில் சற்று உயரம் ஏறிவிட்டு இறங்கிவந்து படுப்பது வழக்கம். மதுரைக்காரர் 3,880 மீட்டரில் உள்ள விடுதி வரை மெதுவாகப் போய், எவரெஸ்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். விவசாயி அதே இடத்தை முன்கூட்டியே அடைந்து, அங்கிருந்து கும்ஜுங் கிராமத்துக்கும் போய்வந்தார். மறுநாள் தெங்போச்சே ஏற்றத்தில், வழியில் களைத்துப்போன வேறொரு பயணியின் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நல்ல மனம், மூட்டை சுமந்து பழகிய தோள். ஆனால் உயரத்தில் உடம்பை அளவுக்கு மீறி வருத்துவது உயர நோயைத் தூண்டும் காரணங்களில் ஒன்று.

ஒவ்வொரு மாலையும் இருவரும் குறிப்பேட்டில் நான்கு அறிகுறிகளுக்கு மதிப்பெண் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. தலைவலி, வயிற்றுக் கோளாறு, களைப்பு, தலைசுற்றல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. லேக் லூயிஸ் அளவை என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த முறை 2018இல் திருத்தப்பட்டு இந்த வடிவத்துக்கு வந்தது. தலைவலியோடு சேர்ந்து மொத்தம் மூன்றை எட்டினால் உயர நோய் என்று கொள்ள வேண்டும். ஆறை எட்டினால் அது நடுத்தர நிலை. தெங்போச்சே மாலையில் விவசாயியின் பக்கத்தில் நான்கு பூஜ்யங்கள் இருக்கின்றன. உண்மையில் அன்று பிற்பகலிலிருந்தே நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்துக்கொண்டிருந்ததாகப் பின்னர் சொன்னார். வெயில் என்று நினைத்தாராம்.

திங்போச்சேயை அவர் மற்றவர்களுக்கு ஒரு மணிநேரம் முன்னதாகவே அடைந்தார். மாலை விடுதிச் சாப்பாட்டு அறையில் பூண்டு சூப் வந்தது. உயரத்துக்கு நல்லது என்று ஷெர்ப்பாக்கள் நம்பி விரும்பிக் குடிப்பது. நீரும் உப்பும் சூடும் தருவதால் அதில் நன்மை உண்டு, ஆனால் உயர நோயை அது தடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. லுக்லாவிலிருந்து அதுவரை ஒவ்வொரு ஊரிலும் அந்தச் சூப்பை இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்து, தன் ஊர்ப் பூண்டின் காரத்தோடு ஒப்பிட்டுப் பேசி வந்தவர் அவர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றதை வழிகாட்டிக்கும் சொல்லியிருந்தார். அன்று கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்விட்டு அப்படியே தள்ளிவைத்தார். பருப்புச் சோறும் வேண்டாமென்றார். வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லிப் பொடி டப்பாவைத் திறந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

மதுரைக்காரர் கவனித்தது அந்தக் கிண்ணத்தைத்தான். பூம்பாறைக்காரர் பூண்டைத் தள்ளினால் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. குறிப்பேட்டைத் தானே வாங்கி, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தலைவலி 2, வயிறு 2, களைப்பு 1, தலைசுற்றல் 1, மொத்தம் 6. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் செறிவு 78 காட்டியது, மதுரைக்காரருக்கு 84. இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. விரல் குளிர்ந்திருந்தால் கருவி குறைத்துக் காட்டும், ஆளுக்கு ஆள் இயல்பும் மாறும். முடிவுக்கு அறிகுறிகளே முதல் ஆதாரம்.

இரவு ஒருமுறை வாந்தி. பாரசிட்டமால் கொடுத்தும் தலைவலி தணியவில்லை. தூக்கத்தில் மூச்சு ஆழமாக வாங்கி, பிறகு சில நொடிகள் நின்றுபோய், மீண்டும் திடுக்கென்று தொடங்கியதைக் கேட்டு மதுரைக்காரர் விழித்தே கிடந்தார். உயரத்தில் அப்படி விட்டுவிட்டு மூச்சு வருவது பலருக்கும் உள்ளதுதான், அது மட்டும் நோயின் அடையாளம் ஆகாது என்று அவரிடம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் பக்கத்துக் கட்டிலில் கேட்கும்போது மனம் கேட்காது. விடிந்ததும் வழிகாட்டி, விடுதி முற்றத்தில் ஒரு குதிகாலை மறு காலின் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தார். மூளை வீக்கத்தின் முதல் அடையாளம் நடை தடுமாறுவது, அது இல்லை. உட்கார்ந்திருக்கும்போது மூச்சுத்திணறலோ இருமலோ இல்லை என்பதால், நுரையீரலில் நீர் கோக்கும் அறிகுறியும் இல்லை. இந்த இரண்டில் எது இருந்திருந்தாலும் இரவென்றும் பாராமல் இறக்கியிருக்க வேண்டும்.

"மாமா, நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே ரெண்டு நாள் படுத்துக் கெடந்தா சரியாயிரும்" என்றார் விவசாயி.

"பேச்சே வேணாம் மாப்ளே. ஒங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஷூவப் போடு."

இருவரும் வழிகாட்டியோடு மேட்டைத் தாண்டி ஃபெரிச்சேக்குப் போனார்கள். இமாலய மீட்புச் சங்கம் 1973 முதல் மலையேற்றப் பருவங்களில் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தை நடத்திவருகிறது. நுரையீரலைச் சோதித்த மருத்துவர், சிக்கலில்லாத உயர நோய் என்று உறுதிசெய்து, அசெட்டசோலமைடைச் சிகிச்சை அளவில், காலையும் மாலையும் 250 மில்லிகிராமாகத் தொடங்கினார். கீழே போவதென்ற முடிவையும் ஆதரித்தார். அன்றே ஏறத்தாழ 3,950 மீட்டரில் உள்ள பாங்போச்சேக்கு இறங்கினார்கள். இறங்கியது ஏறக்குறைய 450 மீட்டர்தான். மாலையில் தலைவலி போய்விட்டது. இரவுச் சாப்பாட்டில் இரண்டாம் முறை பருப்பு கேட்டார். அங்கே இரண்டு இரவுகள் தங்கி, மதிப்பெண் பூஜ்யமான பின்னரே மீண்டும் திங்போச்சே ஏறி, பிறகு லோபுச்சே, கோரக் ஷெப் வழியாக இருவரும் அடிவார முகாமை அடைந்தார்கள். இரண்டாம் முறை ஏறும்போது விவசாயி மாமாவின் பின்னால் நடந்தார். காலாபத்தர் சிகரத்துக்கு ஏறும் எண்ணத்தை விட்டுவிட்டார்கள். உபரி நாட்கள் இரண்டும் செலவாகியிருந்தன.

ஏன் அவருக்கு?

ஒரே அட்டவணை, ஒரே சாப்பாடு, ஒரே வானிலை. முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: யாருக்கு உயர நோய் வரும் என்பதை உடல் வலுவை வைத்துக் கணிக்க முடியாது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும். நடுத்தர வயதில் தொப்பையோடு நடப்பவருக்கு வராமலும் போகும். பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. எனவே கீழே சொல்லப்படுபவை துணைக் காரணங்கள். அவை எல்லாம் இல்லாமலிருந்தாலும் விவசாயிக்கு நோய் வந்திருக்கலாம். ஆனால் அவை நம் கையில் இருந்தவை.

முதலாவது, அவர் உண்மையில் மலையிலிருந்து போகவில்லை. பங்குனியில் அறுவடையான பூண்டை விற்பதற்காக வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கியவர், விலை படியாமல் பெரியகுளத்தில் உறவினர் வீட்டிலேயே இரண்டு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டார். அங்கிருந்து நேராக மதுரைக்குப் போய், இரண்டு நாள் ரயிலில் டெல்லி சேர்ந்து, காத்மாண்டுக்கு விமானம் ஏறினார். 2,000 மீட்டர் அளவில் வாழ்பவர்களுக்கு, சமவெளியிலிருந்து போகிறவர்களைவிட ஓரளவு சாதகம் உண்டு என்பது உண்மைதான். அந்தச் சாதகமும் சமவெளியில் தங்கும் நாட்களிலும் வாரங்களிலும் கரைந்துவிடும். 1,900 மீட்டரில் கிடைத்திருக்கக்கூடிய சிறு முன்பழக்கத்தையும் அவர் பெரியகுளத்து வெயிலில் விட்டுவிட்டுத்தான் புறப்பட்டார். பயணத்துக்கு முந்தைய வாரங்களை எங்கே கழித்தார் என்ற கேள்வி எங்கள் ஆயத்தப் படிவத்தில் இருந்ததில்லை, இப்போது இருக்கிறது.

இரண்டாவது, வேகமும் சுமையும். அவருடைய கால்கள் அவரை நிறுத்தவில்லை. மதுரைக்காரருக்குத் தொடையே தடையாக இருந்தது. வேகமாக நடக்க நினைத்தாலும் உடல் இடம் தராது. வலுவான கால் உள்ளவருக்கு அந்த இயற்கையான தடை இல்லை என்பதால், வெளியிலிருந்து ஒரு தடை வைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தெங்போச்சேயில் அவர் எழுதிய நான்கு பூஜ்யங்கள் பொய்யல்ல. தனக்கு நோய் வரும் என்ற எண்ணமே இல்லாததால், தெறிக்கும் தலையை அவர் நோயாகப் பார்க்கவில்லை. மலைக்காரன் என்ற நம்பிக்கை அவருடைய உடம்பைத் தொடவில்லை, கண்ணை மறைத்தது. உயரத்தில் தோன்றும் எந்தத் தலைவலியையும், வேறு காரணம் உறுதியாகும் வரை, உயர நோயாகவே கொள்ள வேண்டும் என்பது அடிப்படை விதி. மதுரைக்காரர் தன்னைப் பற்றிப் பயந்துகொண்டே போனவர். ஒவ்வொரு மாலையும் தன் தலையையும் வயிற்றையும் விசாரித்துக்கொண்டே இருந்தார். நாம்சேயில் தலைபாரம் வந்த அன்று அவர் 1 என்று எழுதி, அருகில் நேரத்தையும் குறித்திருக்கிறார்.

மாத்திரையை மறுத்ததையும் காரணங்களில் சேர்க்கலாம். ஆனால் அதைத் தனியே பெரிதாக்க நான் விரும்பவில்லை. மாத்திரை எடுத்திருந்தால் வாய்ப்பு குறைந்திருக்கும். அந்த வேகத்துக்கு அது உத்தரவாதம் தந்திருக்காது.

சரியாக நடந்தவையும் ஆயத்தத்தின் பலன்களே. திங்போச்சேயின் இரண்டாவது இரவு அட்டவணையில் இருந்ததால், மறுநாள் லோபுச்சேக்குக் கிளம்பியாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. பழைய அட்டவணைப்படி போயிருந்தால், ஆறு மதிப்பெண்ணோடு அவர் 4,940 மீட்டரை நோக்கி நடந்துகொண்டிருப்பார். உபரி நாட்கள் இருந்ததால் இறங்குவது பயணத்தைக் கைவிடுவதாகத் தோன்றவில்லை. ஆறை எட்டினால் இறங்குவது, நோயாளியைத் தனியே அனுப்பாமல் உடன் ஒருவர் இறங்குவது என்ற இரண்டும் கொடைக்கானலிலேயே பேசி முடிவானவை. அதனால்தான் விடுதி முற்றத்தில் விவாதம் இரண்டு வாக்கியத்தில் முடிந்தது.

அடுத்த குழுவுக்கு மாற்றியவை

இந்த ஆண்டு மன்னவனூரிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் நால்வர் அதே பாதைக்குப் போகிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய மூன்று வாரங்கள் மன்னவனூர்க்காரர்கள் கூடியவரை மேலேயே இருக்கும்படி தேதிகள் அமைக்கப்பட்டுள்ளன. வத்தலக்குண்டுக்காரர்களையும் கடைசி வாரம் மேலே வரச் சொல்லியிருக்கிறோம். ஒரு வாரம் 2,000 மீட்டரில் இருப்பதால் பெரிய பயன் வராது என்பதையும், திங்போச்சேயின் இரண்டாவது இரவுக்கு அது ஈடாகாது என்பதையும் சொல்லியே அழைத்திருக்கிறோம். நடையில் வரிசை நிலையானது: கால் வலு குறைந்தவர் முன்னே, வலு மிகுந்தவர் கடைசியில். பிறருடைய பையைத் தூக்குவது நாம்சேக்கு மேல் கிடையாது; தேவைப்பட்டால் சுமைதூக்குபவர் ஒருவரை நியாயமான கூலிக்கு அமர்த்திக்கொள்வதற்கான பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுள்ளது.

குறிப்பேட்டின் பக்கமும் மாற்றி அச்சிடப்பட்டுள்ளது. தன் மதிப்பெண்ணைத் தானே எழுதும் கட்டம் இப்போது இல்லை. ஒவ்வொருவரும் தன் ஜோடியிடம் கேட்டு, அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதைப் பார்த்து, அவருக்கான நான்கு எண்களையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விவசாயியே வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்; "சாப்பாட்டுக்கு ஒரு வரி பத்தாது, ரெண்டா போடுங்க" என்று சொல்லி, இன்னொரு கோடு போடவைத்தார்.